மேலே பார்க்கும் நிப்பிள்

குழு: கேத்தி பாலாடா வீட்டார்

நான் (காலை 6.12): மணி மாமா, எழுந்துவிட்டீர்களா? ரிவர்ஸிலிருந்து ஃபர்ஸ்ட் கியர் போட்டதும் பிக்கப் அடியில் ‘டொக்’ என்கிறது. மெதுவாகப் போனால் கீச் கீச். நேற்று கேரட் லோடோடு மேட்டுப்பாளையம் இறங்கும்போது 14 கொண்டை ஊசியிலும் இதே பாட்டு.

மணி மாமா: கீச் என்றால் கிராஸ், அதாவது கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகிற ஷாஃப்டின் மூட்டில் இருக்கிற சிலுவைத் துண்டு, காய்ந்து கிடக்கிறது. கடைசியாக எப்போது கிரீஸ் அடித்தாய்?

நான்: போன மாதம் சர்வீஸ் விட்டேன். பில்லில் கிரீஸுக்குக் காசு போட்டிருக்கிறார்கள்.

மணி மாமா: காசு போட்டிருப்பார்கள். கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிற முதல் கிராஸைப் பார். கிரீஸ் உள்ளே போகிற நிப்பிள் மேலே பார்த்து நின்றால் கிரீஸ் கன் நுழையாது, பையன்கள் அப்படியே விட்டுவிடுவார்கள்.

நான்: (புகைப்படம்) பின்னாடி கிராஸ் பளபள. முன்னாடி நிப்பிளில் ஐப்பசி மழைச் சேறு காய்ந்து அப்படியே இருக்கிறது.

அத்தை: என்ன படம் இது, ஒரே கறுப்பாக? சாப்பிட்டாயா?

நான்: சாப்பிட்டேன் அத்தை. மாமா, கை போகிறது, கன் போகவில்லை.

மணி மாமா: கன்னை ஏன் வளைக்கிறாய், ஷாஃப்டைச் சுற்று. முன் சக்கரம் இரண்டுக்கும் இருபக்கமும் கல் வை. ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, அச்சுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடு. அப்புறம் நியூட்ரல், ஹேண்ட் பிரேக்கை எடு. சக்கரத்தைக் கையால் கால் சுற்று சுற்றினால் ஷாஃப்ட் ஏறக்குறைய அரைச் சுற்று சுற்றும். நிப்பிள் கீழே வந்துவிடும்.

கவிதா அக்கா: நம் வீட்டு வாசலில் செய்யாதே! அங்கே பந்து வைத்தால் ஓடை வரைக்கும் போகும்.

மணி மாமா: அக்கா சொல்வது சரி. கேரட் கழுவுகிற மெஷின் பக்கத்தில் சிமெண்ட் களம் இருக்கிறதே, அங்கே போ. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதே.

சித்தப்பா: கல் அல்ல, கட்டை வை. கல் உருளும்.

(காலை 8.40)

நான்: களத்துக்கு வந்துவிட்டேன். நிப்பிள் தெரிகிறது. கன்னை அழுத்தினால் கிரீஸ் எல்லாம் வெளியே வழிகிறது, உள்ளே போகவில்லை.

மணி மாமா: சேற்றைத் துடைத்தாயா? துடைக்காமல் அடித்தால் மண்ணும் சேர்ந்து உள்ளே போகும். குண்டூசியால் நடுவில் இருக்கிற குண்டை லேசாக அமுக்கிப் பார், மேலே வரவில்லை என்றால் நிப்பிள் செத்துவிட்டது. அதே மரையில் வளைந்த நிப்பிள் கிடைக்கும், அதை மாட்டினால் அடுத்த முறை இந்தப் பாடு இல்லை. கன்னில் இரும்புக் குழாயைக் கழற்றிவிட்டு ரப்பர் ஹோஸ் போட்டுக்கொள்.

நான்: குண்டு வேலை செய்கிறது. கிரீஸ்தான் கெட்டியாக இருக்கிறது.

மணி மாமா: இந்தக் குளிரில் கெட்டியாகத்தான் இருக்கும். கன்னை வெயிலில் கால் மணி நேரம் வை.

(காலை 9.25)

நான்: போகிறது! நான்கு முனையில் மூன்றில் புதுக் கிரீஸ் பிதுங்கிவிட்டது. ஒன்றில் மட்டும் வரவில்லை.

மணி மாமா: ஷாஃப்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டே அடி. என்ன நிறத்தில் வருகிறது என்று பார். கறுப்பு என்றால் பரவாயில்லை. காவி நிறத்தில் தூளாக வந்தால் துரு, கிராஸையே மாற்றவேண்டும்.

நான்: வந்துவிட்டது. கறுப்புதான்.

அத்தை: அந்தக் கையோடு வீட்டுக்குள் வராதே.

மணி மாமா: ஷாஃப்ட் நீண்டு சுருங்குகிற இடம், ஸ்லிப் ஜாயிண்ட், அதற்கும் ஒரு நிப்பிள் உண்டு, அதை மறக்காதே. அங்கே மட்டும் ஆசைப்பட்டு அடிக்காதே, அளவு மீறினால் மூடி தெறித்துவிடும். சின்ன ஓட்டையில் கிரீஸ் எட்டிப் பார்த்ததும் அதை விரலால் அடைத்துக்கொண்டு மெதுவாக அடி, மறுமுனை சீலில் வந்ததும் நிறுத்து.

சித்தப்பா: என் வண்டியில் நிப்பிளே இல்லையே?

மணி மாமா: அது சீல் வைத்த கிராஸ், சித்தப்பா. தேயும்வரை ஓட்டுங்கள், தேய்ந்ததும் மாற்றுங்கள்.

(காலை 10.50)

நான்: குன்னூர் வரை ஒரு சுற்று போய் வந்தேன். கீச் சுத்தமாக இல்லை. டொக் கொஞ்சம் இருக்கிறது.

மணி மாமா: ஷாஃப்டைக் கையால் முறுக்கிப் பார்த்தால் கிராஸில் ஆட்டம் தெரிகிறதா?

நான்: ஒரு முடியளவு.

மணி மாமா: அப்படியானால் தேய்ந்துவிட்டது, கிரீஸ் அதை வளர்க்காது. ஞாயிற்றுக்கிழமை புதுக் கிராஸ் வாங்கி வா, போட்டுவிடலாம். நாளைக்கு லோடைக் குறைத்துக்கொள். வண்டி கழுவினால் அந்தக் கேரட் மெஷின் பைப்பைச் சீல் மேல் பிடிக்காதே, கழுவியதும் நாலு அடி கிரீஸ் அடி.

நான்: சரி மாமா. கன்னை மாலையில் கொண்டுவந்து தருகிறேன்.

மணி மாமா: காலிக் கன்னாகக் கொண்டுவராதே. போன முறை அப்படித்தான் வந்தது.