மறு: டைலிங் சாளரம்: பாவுவதா, வேய்வதா?

மண்டபம், ஆசிரியை:

வணக்கம். எங்கள் பள்ளிக் கணினி அறைக்கு லினக்ஸ் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. திரையில் சாளரங்களை ஒழுங்குபடுத்தும் நிரலான விண்டோ மேனேஜருக்குச் ‘சாளர மேலாளர்’ என்று வைத்துவிட்டேன். சாளரங்களை ஒன்றையொன்று மறைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் டைலிங் வகைக்குத்தான் சொல் அகப்படவில்லை. ‘ஓட்டுச் சாளரம்’ என்று கரும்பலகையில் எழுதினேன், “எலெக்‌ஷனா டீச்சர்?” என்கிறார்கள்.

கீழக்கரை:

டீச்சர், ஓடு வேண்டவே வேண்டாம். ஆங்கிலத்தில் கூரை ஓட்டுக்கும் தரைக்கல்லுக்கும் ஒரே சொல். நமக்கு அப்படியில்லை. ஓடோ பனையோலையோ, ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்தால்தான் மழை ஒழுகாது. அது வேய்தல். தரைக்கல் பக்கத்துக் கல்லை மறைக்காமல் உட்காரும். அது பாவுதல். எனவே உங்களுடையது ‘பாவு சாளரம்’. ஒன்றையொன்று மறைப்பது ‘வேய் சாளரம்’. 1985இல் வந்த முதல் விண்டோஸில் நிரல்களின் சாளரங்கள் பாவியேதான் கிடந்தன. ஒன்றன்மேல் ஒன்று ஏற 1987இல் இரண்டாம் பதிப்பு வரவேண்டியிருந்தது.

அப்புறம் அந்த மேலாளர். நிரலுக்கு ஏன் ‘ஆளர்’? எங்கள் பக்கம் தோணியை நடத்துகிறவர் தண்டல். ‘சாளரத் தண்டல்’ என்றால் என்ன குறை?

மதுரை:

தண்டல் என்றால் எங்கள் தெருவில் கதவைப் பூட்டிக்கொள்வார்கள், தம்பி. முதலில் சாளரத்தையே மாற்றவேண்டும். சிலம்பில் ‘மான்கட் காலதர்’ உண்டு. கால் காற்று, அதர் வழி. பழுதில்லாத தமிழ். ‘காலதர் ஆள்வி’ என்பது என் முன்மொழிவு.

கீழக்கரை:

ஐயா, அதே சிலம்பில் ‘கோலச் சாளரக் குறுங்கண்’ வழியாகத்தானே தென்றல் நுழைகிறது? இளங்கோவுக்கு இரண்டும் ஆகியிருக்கிறது. தவிர, கணினியில் காற்று போவது பின்பக்க விசிறி வழியாக. காலதரை அதற்கு வைத்துக்கொள்வோம்.

பரமக்குடி:

பாவு என்றால் எங்களுக்குத் தறியில் ஓடும் நீளவாக்கு நூல். ‘பாவு சாளரம்’ என்றால் திரையை நெடுக்கில் மட்டும் பிரிப்பதாக நினைப்போம். குறுக்கே பிரிப்பதற்கு ‘ஊடைச் சாளரமா’?

இராமேசுவரம்:

எதிர்க்கரையில் பாவிப்பது என்றால் பயன்படுத்துவது. அங்கே ஜன்னலும் ‘யன்னல்’. ஜன்னலும் யன்னலும் போர்ச்சுகீசியர் விட்டுப்போனதுதான். ஜன்னல் என்றே போட்டால் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

மண்டபம், ஆசிரியை:

இன்று வகுப்பில் சொல்லே சொல்லவில்லை. “நெத்திலி காயப்போடுவதுபோல ஜன்னல்களைப் போடு” என்றேன். ஒரு பெண் உடனே, “ஒண்ணுமேல ஒண்ணு கிடந்தா நாறிப்போகும் டீச்சர்” என்று நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டாள். ‘கருவாட்டுச் சாளரம்’ என்று அச்சடிக்க எனக்குத் துணிவில்லை. மூன்று பேர் பாவுக்குச் சரி என்று தனிமடல் போட்டிருப்பதால் ‘பாவு சாளரம்’ போகிறது. மேலாளர் இருந்த இடத்திலேயே இருக்கிறார். கோப்பை அச்சகத்துக்கு அனுப்பியாயிற்று.

பரமக்குடி:

அனுப்புங்கள், தடுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊர்ப் பள்ளிக்கு அந்தக் கையேடு வந்தால் அந்தப் பக்கத்தை நான் அடித்துத்தான் கொடுப்பேன்.