கயிலைப் பயணமும் கடப்பிதழில் உள்ள பெயரும்

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் யாராவது கயிலைக்குப் போகப் போவதாகச் சொன்னால், “சீனாவுக்குத்தான் இப்போது விசா வேண்டாமே” என்று உடனே ஒருவர் சொல்கிறார். 2025 ஜூலை 17 முதல் மலேசியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் சீனாவில் தங்கலாம் என்பது உண்மைதான். ஆனால், கயிலை இருப்பது திபெத்தில். தனியாகத் திபெத் பயண அனுமதி பெறாத வெளிநாட்டவரைத் திபெத்தின் தலைநகரான லாசாவுக்குச் செல்லும் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். அந்த அனுமதியை நாமே விண்ணப்பித்துப் பெறவும் இயலாது; பதிவு பெற்ற பயண நிறுவனத்தின் வழியாக, வழிகாட்டியுடன் செல்லும் பயணத்திற்கே அதை வழங்குகிறார்கள்.

பல ஆண்டுகள் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற என் அக்காவுடன் நான் சென்றேன். சீன நகரான செங்டூவின் விமான நிலைய முகப்பில் இருந்த பெண், அனுமதித் தாளையும் எங்கள் கடப்பிதழ்களையும் அருகருகே வைத்து, எழுத்தெழுத்தாக விரலை நகர்த்திச் சரிபார்த்தார். அக்காவின் வரியில் விரல் நின்றுவிட்டது. கடப்பிதழில் அக்காவின் பெயர், அடுத்து ‘ஏ/பி’ (‘மகள்’ என்பதற்கான மலாய்ச் சுருக்கம்), அதன்பின் எங்கள் அப்பாவின் பெயர் என்று இருக்க, தாளிலோ அப்பாவின் பெயர் மட்டுமே இருந்தது. குடும்பப் பெயர் கேட்கும் விண்ணப்பக் கட்டத்தில் அப்பாவின் பெயரை நிரப்பிய முகவர், அக்காவின் சொந்தப் பெயரையே விட்டுவிட்டார்.

திருத்திய தாளின் அசல் கைக்கு வர நான்கு நாள் ஆனது. லாசாவில் உடம்பு உயரத்திற்குப் பழகுவதற்காக ஒதுக்கியிருந்த நாள்கள் அத்தனையும் அதில் போயின. லாசாவே ஏறத்தாழ 3,650 மீட்டர் உயரம். கயிலையை வலம் வரும் 52 கிலோமீட்டர் பாதையில் உள்ள டோல்மா கணவாயோ 5,600 மீட்டருக்கும் மேல். மூச்சு வாங்கிய அக்காவை வலம் வர அனுப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை. மானசரோவர் கரையில் நீரை இரு கைகளாலும் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு, மலை தெரிந்த திசையை நோக்கி அவர் வெகுநேரம் நின்றார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டு அண்ணனுக்கு வேறு விதமான சிக்கல். அனுமதிக்கு விண்ணப்பித்த பிறகு அவர் கடப்பிதழைப் புதுப்பித்ததால் எண் மாறிவிட்டது. பழைய எண்ணில் வந்த தாள் பயன்படவில்லை. நல்லவேளையாக, ஊரிலிருந்து புறப்படும் முன்பே அது தெரிந்தது.

லாசாவைத் தாண்டிக் கயிலை வட்டாரத்திற்குச் செல்லக் காவல் துறையின் வெளிநாட்டவர் பயண அனுமதியும் தேவை. அதை வழிகாட்டியே அங்கு வாங்கித் தருவார் என்றாலும், கடப்பிதழின் அசலை அவரிடம் கொடுக்க வேண்டும். திபெத்தியப் புத்தாண்டை ஒட்டிப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வெளிநாட்டவருக்கு வழக்கமாக அனுமதி தருவதில்லை.

புறப்படவிருப்பவர்கள், அனுமதித் தாளின் படத்தை முகவரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கி, ‘ஏ/எல்’ (மகன்), ‘ஏ/பி’ உட்பட முழுப் பெயரையும் எண்ணையும் கடப்பிதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டிலுள்ள வேறொருவரையும் ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள்.