20,000 ரூபாய் லிமிட்டில் ஒரு வாஷிங் மெஷின்

நான்: சித்தப்பா, அம்மாவுக்கு வாஷிங் மெஷின் பார்த்து வைத்திருக்கிறேன். விலை 19,000. என் கிரெடிட் கார்டில் வாங்கினால் 1,500 குறையுமாம். லிமிட்டே 20,000தான். பணம் சேவிங்ஸ் கணக்கில் இருக்கிறது. வாங்கலாமா?

பெரியண்ணன்: கையில் இருக்கும் பணத்தை ஏன் கரைக்கிறாய்? ஆறு மாத இஎம்ஐ போடு.

அம்மா: கடன் வாங்கி மெஷின் எதற்கு? நான் கையாலேயே துவைத்துக்கொள்கிறேன்.

நான்: முழங்கால் வலியோடு நீ துவைத்தது போதும்மா.

மதுரை சித்தப்பா: அண்ணி, பணம் இருக்கிறது, பயப்படாதீர்கள். தம்பி, இஎம்ஐ போட்டால் அந்தத் தொகை முழுக்க லிமிட்டில் அடைபட்டுவிடும். மாதாமாதம் கட்டக் கட்டத்தான் திறக்கும். உன்னைப் போல இரண்டு லட்சம் லிமிட் உள்ளவனுக்கு அது உறைக்காது. இவளுக்கு அவசரத்துக்கு மருந்து வாங்கக்கூடக் கார்டு உதவாது. வட்டியில்லா இஎம்ஐ என்றாலும் பிராசஸிங் ஃபீஸ், ஜிஎஸ்டி எல்லாம் வரும்.

பெரியண்ணன்: அப்போது பில்லில் போட்டிருக்கும் மினிமம் தொகையை மட்டும் கட்டட்டும்.

மதுரை சித்தப்பா: அது மட்டும் வேண்டவே வேண்டாம். 17,500 பில்லுக்கு 5 சதவீதம் என்றால் 875 கட்டுவாள். மீதி 16,625க்கு மாதம் 3.5 சதவீதம் வட்டி என்றால் ஏறக்குறைய 580 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. மெஷின் வாங்கிய நாளிலிருந்தே வட்டி போடுவார்கள். பாக்கி தீரும்வரை, புதிதாக வாங்கும் பால் பாக்கெட்டுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும்.

நான்: மொத்தமாகக் கட்டிவிடுவேன் சித்தப்பா. ஒரேயடியாக லிமிட் முழுவதும் எடுத்தால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் ஸ்கோர் குறையும் என்கிறார்களே?

மதுரை சித்தப்பா: பாக்கி அப்படியே நின்றால் குறையலாம். லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது, உனக்கு அது 6,000. அதனால் பில் வரும்வரை காத்திருக்காதே. மெஷின் வாங்கியதும் அந்தத் தொகை கார்டு கணக்கில் ஏறிவிட்டதா என்று ஆப்பில் பார். ஏறிய உடனே பெரும்பகுதியைக் கட்டிவிடு. 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் குறைந்தது 15 நாளுக்கு ஒருமுறை சிபிலுக்குத் தகவல் அனுப்ப வேண்டும், ஆகவே தள்ளிப்போடாதே. கட்டினால் லிமிட்டும் திரும்பத் திறக்கும். சின்ன லிமிட்டை இப்படித்தான் ஓட்ட வேண்டும்.

நான்: சரி சித்தப்பா.

மதுரை சித்தப்பா: இன்னொன்று. அந்த 1,500 கடையிலேயே குறைகிறதா, அப்புறம் கேஷ்பேக்காக வருகிறதா? இந்த மாதம் கார்டில் வேறு ஏதாவது வாங்கினாயா?

நான்: மளிகை 1,140. கடைக்கு ஃபோன் செய்து கேட்கிறேன்.

நான்: கேஷ்பேக்தானாம், 90 நாள் ஆகுமாம்.

மதுரை சித்தப்பா: அப்படியானால் கார்டில் தேய்ப்பது முழு 19,000. உன்னிடம் இப்போது மீதி 18,860தான், கல்லாவில் நிற்கும்போது டிக்ளைன் ஆகும். இன்று இரவே அந்த 1,140ஐக் கட்டு. ஆப்பில் 20,000 முழுதாகக் காட்டிய பிறகு கடைக்குப் போ. லிமிட்டைத் தாண்ட அனுமதிக்கிறாயா என்று கேட்டால் வேண்டாம் என்று போடு. நம் சம்மதம் இல்லாமல் ஓவர்லிமிட் கட்டணம் போடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

நான்: கட்டிவிட்டேன். நாளை சாயங்காலம் போகிறேன்.

அம்மா: போவதுதான் போகிறாய், மேலே துணி போடுகிற மாதிரி பார்த்து எடு. என்னால் குனிய முடியாது.