பென்சில்வேனியா மான் வேட்டைக்கு மசில்லோடர்: பிளின்ட்லாக்கா, இன்லைனா?

சோளக்கொல்லை:
ஹண்டர் எஜுகேஷன் முடிச்சு உரிமமும் எடுத்தாச்சு. மசில்லோடருக்கான (வாய்வழியா மருந்தும் குண்டும் கெட்டிக்கிற துப்பாக்கி) அக்டோபர் சீசன், கிறிஸ்துமஸுக்கு அப்புறம் வர்ற பிளின்ட்லாக் சீசன், ரெண்டுக்கும் .50 காலிபர்ல ஒரே துப்பாக்கி வாங்கலாம்னு இருக்கேன். எது சரி? மருந்து கெட்டிக்கிறது, கழுவுறது பத்தியும் சொல்லுங்க.

கரிமருந்து:
ரெண்டு சீசனுக்கும் ஒன்றே என்றால் பேச்சே இல்லை, பிளின்ட்லாக்தான். டிசம்பர் 26-ல் தொடங்கி ஜனவரிக்குள் போகும் சீசனில் சக்கிமுக்கிக்கல் பொறியால் பற்றும் துப்பாக்கி மட்டுமே செல்லும். .44-க்குக் குறையக் கூடாது, டெலஸ்கோப் கூடாது. அக்டோபர் வாரம் கொம்பில்லா மானுக்கு மட்டும். அதில் பிளின்ட்லாக், பேரலுக்கு நேர் பின்னால் பிரைமர் (அடித்தால் நெருப்பு விடும் சிறு கேப்) வைத்து வெடிக்கும் இன்லைன், இரண்டுமே செல்லும்.

கடையில் முதலில் கேட்க வேண்டியது பேரலின் முறுக்கு, அதாவது உள்ளே இருக்கும் வரிப்பள்ளம் எத்தனை அங்குலத்தில் ஒரு சுற்று சுற்றுகிறது என்பது. 1:60, 1:66 போன்ற மெதுவான முறுக்கு, துணி சுற்றிய ஈய உருண்டைக்கு. 1:28 நீளமான குண்டுக்கும் சபாட்டுக்கும் (பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த சிறிய குண்டு). 1:48 நடுவாந்திரம், இரண்டையும் ஓரளவு சுடும். 1:28 பேரலில் துணிக்குண்டை 90 கிரெயின் (மருந்தையும் குண்டையும் அளக்கும் சிறு அலகு) மருந்தோடு அனுப்பினால் துணி பள்ளங்களைப் பிடிக்காமல் வழுக்கும், இலக்கில் சிதறும். உருண்டைதான் சுடப்போகிறீர்கள் என்றால் 1:60-ஐத் தேடுங்கள்.

இன்லைன்காரன்:
சட்டம் சரி. ஆனா முதல் வருஷமே பிளின்ட்லாக் எடுத்தா அடிபட்டு ஓடுற மான்தான் மிஞ்சும். விசையை இழுத்ததுக்கும் குண்டு கிளம்புறதுக்கும் நடுவுல இடைவெளி இருக்கு. கண்ணுக்கு முன்னாடியே நெருப்பு எரியுது. புதுசா சுடுறவங்க தலையைத் தூக்கிடுவாங்க.

அதோட உருண்டையோட பலமும் கம்மி. .490 உருண்டை 177 கிரெயின். 80 கிரெயின் மருந்துல நொடிக்கு 1,700 அடி வாக்குல கிளம்பும். 100 கெஜத்துல 1,000 சொச்சத்துக்கு இறங்கிடும், ஆற்றல்ல பாதிக்கு மேல காத்தோட போச்சு. அதே .50 இன்லைன்ல 250 கிரெயின் சபாட் குண்டும் 100 கிரெயின் மருந்தும் 150 கெஜத்துல கூடப் போதும். 209 பிரைமர் தூறல்லயும் வெடிக்கும். இப்போ இன்லைன் வாங்குங்க, கை பழகினதும் பிளின்ட்லாக்குக்குப் போங்க.

கரிமருந்து:
75 கெஜத்துக்குள் நின்று, முன்னங்காலுக்குப் பின்னால் இரண்டு நுரையீரலும் துளைபடும்படி அடித்தால் 177 கிரெயின் உருண்டை தாராளம். 150 கெஜத்தில் அடிக்க வேண்டுமென்பவர் இந்தச் சீசனுக்கு வரவே தேவையில்லை.

நீங்கள் சொல்லும் இடைவெளி பெரும்பாலும் பூட்டின் (சுடும் பொறியமைப்பின்) குற்றமல்ல, கவனக்குறைவு. டச் ஹோல், அதாவது பொறி விழும் பக்கக் கிண்ணத்திலிருந்து பேரலுக்குள் நெருப்பு போகும் துளை, ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு இருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் மெல்லிய கம்பி விட்டுக் குத்த வேண்டும். கிண்ணத்தில் நாலு எஃப் (மிகப் பொடியான) மருந்து 3 கிரெயின் போதும். நிறையப் போட்டுத் துளையை மூடினால் மருந்து திரி மாதிரி மெதுவாக எரிந்து உள்ளே போகும். நீங்கள் உணரும் தாமதம் அதுதான். துளைக்குக் கீழே மருந்து கிடந்தால் சுடர் பாய்ந்து உள்ளே நுழையும். கல்லைத் தோலில் சுற்றி, விளிம்பு பிரிஸனுக்கு (கல் மோதிப் பொறி தரும் எஃகுத் தகடு) இணையாக நிற்கும்படி திருகி இறுக்குங்கள். மழுங்கினால் அங்கேயே தட்டிக் கூர்படுத்தலாம்.

பேரல்வாத்தியார்:
மருந்தைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை, பாதிப் பிரச்சினை அங்கேதான். பிளின்ட்லாக்கில் பைரோடெக்ஸ், ட்ரிபிள் செவன் போன்ற மாற்று மருந்துகளை நம்ப வேண்டாம். அவை பற்றுவதற்கு அதிகச் சூடு வேண்டும், பொறிக்கு மசியாது. அசல் கரிமருந்துதான். .50-க்கு டபுள் எஃப். அதைவிடப் பொடியான ட்ரிபிள் எஃப் போட்டால் அளவைக் கொஞ்சம் குறையுங்கள். அசல் கரிமருந்து செய்யும் கோயெக்ஸ் கம்பெனி 2021-ல் மூடுவதாக அறிவித்து, 2022-ல் எஸ்டெஸ் வாங்கியது. தட்டுப்பாடு எப்போது வேண்டுமானாலும் வரலாம், சீசனுக்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்.

இன்லைன்காரர்கள் செய்யும் தவறு, 50 கிரெயின் மருந்து மாத்திரை மூன்றைப் போட்டு 150 என்று பெருமைப்படுவது. பல பேரல்களில் அதில் கொஞ்சம் எரியாமலே வெளியே போகும், உதை கூடும், குறி கெடும். தூள் மருந்தென்றால் 5 கிரெயின் கூட்டிக் குறைத்துப் பேரலுக்குப் பிடித்த அளவைக் கண்டுபிடிக்கலாம். மாத்திரையில் அந்த வழி இல்லை.

இன்லைன்காரன்:
மூணு மாத்திரை வேண்டாம்னு நானும் சொல்வேன், ரெண்டு போதும். ஆனா குளிர்ல விறைச்ச கையோட ரெண்டாவது குண்டு கெட்டிக்கும்போது மாத்திரை எவ்வளவு வசதின்னு யோசிங்க. தூள்தான் வேணும்னா பிளாக்ஹார்ன் 209 இருக்கு, ஈரம் இழுக்காது, கசடு கம்மி. வலுவான 209 பிரைமரும், இடுக்கில்லாத பிரீச் பிளக்கும் (பேரலோட பின்பக்கத்தை அடைக்கிற திருகு) இருந்தாத்தான் ஒழுங்கா எரியும். ட்ரிபிள் செவன் போட்டா கரிமருந்து அளவுல இருந்து 15 சதவீதம் குறைக்கணும், அது அவ்வளவு காரம்.

கொலராடோவாசி:
இங்கே மலையேறி வரும் எண்ணம் இருந்தால் இதையும் கணக்கில் வையுங்கள்: கொலராடோவின் மசில்லோடர் சீசனில் 209 இன்லைன் செல்லும், ஆனால் டெலஸ்கோப், சபாட், மாத்திரை மருந்து மூன்றும் கிடையாது. மானுக்கு .40, எல்க்குக்கு .50 குறைந்தபட்சம். மாத்திரையையும் சபாட்டையும் நம்பிப் பழகியவர் இங்கே வந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். தூள் மருந்தோடு பழகுங்கள் என்று வாத்தியார் சொல்வது அதனாலும் சரி.

துப்பாக்கி வைத்திருப்பதில் கட்டுப்பாடுள்ள எச்1பி விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டாட்சிச் சட்டத்தில் பெரும்பாலான மசில்லோடர்கள் பழம்பொருள் வகைக்குள் வரும், துப்பாக்கி என்று கணக்காகாது. ஆனால் தாம்ப்சன் சென்டர் என்கோர் மாதிரி, பேரலை மாற்றினால் சாதாரண ரைஃபிளாகும் சட்டகம் உள்ளவை துப்பாக்கியாகவே கணக்கு. மாநிலச் சட்டம் தனி, அதையும் படித்துவிட்டு வாங்குங்கள்.

சோளக்கொல்லை:
பிளின்ட்லாக் பக்கம்தான் மனசு போகுது. கெட்டிக்கிற வரிசையைச் சொல்லுங்க.

கரிமருந்து:
அடித்தண்டைத் தரையில் ஊன்றி, வாயை முகத்தைவிட்டு விலக்கிப் பிடியுங்கள். ஆல்கஹால் நனைத்த துணியால் உள்ளே இருக்கும் எண்ணெயைத் துடைத்து, உலர்ந்த துணி ஒன்று விடுங்கள். டச் ஹோலைக் குத்துங்கள். கிண்ணத்தில் மருந்து இருக்கக் கூடாது, பிரிஸன் திறந்தே இருக்கட்டும்.

மருந்தை அளவைக் குப்பியில் அளந்து, அதிலிருந்துதான் பேரலில் கொட்ட வேண்டும். மருந்துக் கொம்பிலிருந்து நேராகக் கொட்டினால், உள்ளே அணையாத கங்கு ஒன்று கிடந்தாலும் கையிலிருக்கும் கொம்பு முழுவதும் வெடிக்கும். 60 கிரெயினில் தொடங்கி 90 வரை பத்துப் பத்தாக ஏற்றிப் பாருங்கள். பேரலைப் பக்கவாட்டில் தட்டுங்கள். .015 அங்குலத் தடிமனுள்ள துணியில் கொழுப்பும் தேன்மெழுகும் கலந்து தடவி, .490 உருண்டையை வார்ப்புத் தழும்பு மேலே பார்க்க வைத்து, குட்டைக் கம்பியால் உள்ளே தள்ளுங்கள். பிறகு ராம்ராட் என்னும் நீளக் கம்பி; ஒரு சாணுக்கு மேல் எட்டிப் பிடிக்காதீர்கள், மரக்கம்பி நார்வாட்டில் ஒடிந்து உள்ளங்கையைக் குத்தும்.

உருண்டை மருந்தைத் தொட்டு உட்கார வேண்டும். நடுவில் காற்று இடைவெளி இருந்தால் பேரல் அந்த இடத்தில் வளையமாக வீங்கும், வெடிக்கவும் கூடும். சரியாக உட்கார்ந்ததும் ராம்ராடில் வாயோரம் ஒரு கோடு கீறி வையுங்கள். கோடு உயரே நின்றால் உருண்டை இறங்கவில்லை, அல்லது இரண்டு முறை கெட்டித்திருக்கிறீர்கள். கிண்ண மருந்து கடைசி, மான் வரும் இடத்தில் போய் நின்ற பிறகு.

பேரல்வாத்தியார்:
சுட்ட துணியைத் தரையில் தேடி எடுத்துப் பாருங்கள், எல்லாம் அதில் எழுதியிருக்கும். ஓரம் மட்டும் நைந்து நடு முழுசாக இருந்தால் சரி. நடுவில் கருகி ஓட்டையானால் துணி மெலிசு அல்லது கொழுப்பு போதவில்லை. வெட்டுப்பட்டிருந்தால் வாயோரம் கூராக இருக்கிறது. எச்சில் துணி பயிற்சிக்கு மட்டும். வேட்டையில் மணிக்கணக்காக உள்ளே இருந்தால் காய்ந்துபோகும், துருவும் பிடிக்கும்.

இன்லைன்காரன்:
கிண்ணத்துல பத்தியும் உள்ளே பத்தலேன்னா என்ன செய்யணும்னு யாரும் சொல்லலையே. வாயை இலக்குப் பக்கமே வச்சு ஒரு நிமிஷம் அசையாம நில்லுங்க, சில சமயம் தாமதமா வெடிக்கும். மருந்தில்லாம உருண்டையை மட்டும் கெட்டிட்டா, டச் ஹோல் வழியா நாலு எஃப் கொஞ்சம் கொஞ்சமாப் புகுத்தி, உருண்டையை மறுபடி அடிவரை தள்ளி உட்கார வச்சு, பாதுகாப்பான பக்கம் சுட்டு வெளியேத்தலாம். இன்லைன்ல கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தால குண்டை வெளியே தள்ளுற டிஸ்சார்ஜர் வச்சா சுலபம்.

அப்புறம், கழுவுறதுக்குத் தண்ணி வேண்டாம், நல்ல சால்வென்ட் போதும். தண்ணி ஊத்தித்தான் பேரல் துருப்பிடிக்குது.

கரிமருந்து:
இது தவறு. கரிமருந்தின் கசடு உப்பு, தண்ணீரில்தான் கரையும். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் தார் மாதிரி இறுகி ஒட்டும். மரக்கட்டையோடு ஆணியடித்த பேரலைக் கழற்றாமல், டச் ஹோலைப் பல்குச்சியால் அடைத்து, வெந்நீரில் இரண்டு சொட்டுப் பாத்திரச் சோப்பு கலந்து நிரப்பி, ஐந்து நிமிடம் விட்டுக் கொட்டுங்கள். துணி வெள்ளையாக வரும்வரை துடையுங்கள், பூட்டைக் கழற்றித் தனியாகக் கழுவுங்கள். உலர்ந்த பின் எண்ணெய், மறுநாள் இன்னொரு துணி விட்டுப் பாருங்கள்; செம்பழுப்பு தெரிந்தால் மறுபடி எண்ணெய். சுட்ட அன்றே செய்ய வேண்டும், அந்த உப்பு காற்றிலிருந்து ஈரம் இழுக்கும்.

இன்லைன்காரன்:
கரிமருந்துக்கும் பைரோடெக்ஸுக்கும் சரி, ஒத்துக்கிறேன். பிளாக்ஹார்ன்ல தண்ணி வேலைக்காகாது, சாதாரண துப்பாக்கி சால்வென்ட்தான். பிளக்கோட சுடர்ப்பாதையில கார்பன் கட்டும், அதை எட்டில் ஒரு அங்குல டிரில்லைக் கையால திருப்பி எடுக்கணும். திருகுமரையில ஆன்டி-சீஸ் கிரீஸ் தடவாம மாட்டினா அடுத்த தடவை கழறாது.

சோளக்கொல்லை:
கெட்டிச்சு சுடாமலே ராத்திரி திரும்பினா?

பேரல்வாத்தியார்:
கிண்ண மருந்தைக் கொட்டித் துடைத்துவிடுங்கள், அப்படிச் செய்தால் பென்சில்வேனியா அதைக் காலித் துப்பாக்கியாகவே எடுத்துக்கொள்ளும். சூடான வீட்டுக்குள் கொண்டுவராமல், பூட்டிய குளிர்ந்த இடத்தில் வையுங்கள். குளிர்ந்த பேரல் சூட்டுக்கு வந்தால் உள்ளே வியர்க்கும், மருந்து நனையும். பகலில் மழையில் நனைந்திருந்தால் மறுநாளுக்கு வைக்காதீர்கள், மண்மேட்டில் சுட்டுக் காலிசெய்து கழுவுங்கள்.

கரிமருந்து:
நனையாவிட்டாலும் நான் மறுநாளுக்கு வைக்கச் சொல்லமாட்டேன். 80 கிரெயின் மருந்தின் விலையைப் பார்த்து, பற்றாத துப்பாக்கியோடு மானுக்கு எதிரே நிற்க வேண்டாம்.