கஃபர் எட்சியோன்: காசு கொடுத்து வாங்கிய மண்ணும் குடியேற்றமா?

தராசு:
1967 போரில் ஜோர்தானிடமிருந்து இஸ்ரேல் கைக்கு வந்த மேற்குக் கரை பற்றி நேற்று ஓடிய இழையில் ஒருவர் எழுதியிருந்தார்: “1967க்கு முன்னால் அந்த மலைகளில் யூதர் காலடியே பட்டதில்லை. கஃபர் எட்சியோன் தொடங்கி அத்தனையும் திருடிய நிலம்.” அதற்குக் கீழே கைதட்டல் வேறு. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால்தான் தனி இழை.

பெத்லகேமுக்கும் ஹெப்ரோனுக்கும் நடுவில் இருக்கிற மலை அது. 1927லேயே மிக்தால் ஏதெர் என்ற பெயரில் அங்கே ஒரு யூத ஊர் தொடங்கியது. 1929 கலவரத்தில் விட்டுவிட்டு ஓடினார்கள். 1930களில் ரெஹோவோத்தில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த ஹோல்ட்ஸ்மன் என்பவர் கைக்காசைப் போட்டு அங்கே நிலம் வாங்கினார். 1936ல் அரபுக் கிளர்ச்சி வந்து அதுவும் நின்றது. மூன்றாவது முறையாக 1943ல் மதப்பற்றுள்ள இளைஞர்கள் போய்க் கிப்புட்ஸ், அதாவது கூட்டுப் பண்ணை ஊர், போட்டார்கள். அதுதான் கஃபர் எட்சியோன். பாறை மலை, தண்ணீர் கிடையாது, குளிர். அதில் மரம் நட்டார்கள்.

1948 மே 13ஆம் தேதி அந்த ஊர் அரபுப் படைகளிடம் விழுந்தது. வெள்ளைக் கொடி காட்டிச் சரணடைந்த பிறகும் சுட்டுக் கொன்றார்கள். உயிர் பிழைத்தது நாலே பேர். மறுநாள்தான் இஸ்ரேல் பிரகடனம். இன்றும் இஸ்ரேலின் போர் நினைவு நாளுக்கு எபிரேய நாட்காட்டியில் குறித்திருப்பது அந்த ஊர் விழுந்த தேதிதான்.

காசு கொடுத்து வாங்கி, ரத்தம் சிந்தி, துரத்தப்பட்டு, 19 வருஷம் கழித்துப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். இதைப் போய்த் திருட்டு என்கிறவருக்கு எந்தக் கணக்கும் தெரியாது என்றுதான் அர்த்தம்.

வைகைக்கரை:
அந்த “ஒருவர்” நான்தான். பேரைச் சொல்லியே கூப்பிட்டிருக்கலாம், ஓடிப் போகிறவன் இல்லை. “காலடியே பட்டதில்லை” என்று எழுதியது வேகத்தில் வந்த வார்த்தை. அந்தக் காலத்தில் கொஞ்சம் நிலம் வாங்கியிருக்கலாம். அதனால் என்ன மாறிவிட்டது? 1967 செப்டம்பரில் அங்கே போய் உட்கார்ந்தது ராணுவம் பிடித்த மண்ணில். அதற்குப் பேர் குடியேற்றம்.

தராசு:
“வாங்கியிருக்கலாம்”! பார்த்தீர்களா இந்த “லாம்”மை? வாங்கினார்கள், ஐயா. பணம் கை மாறியது. பின்னால் நிலம், யூதர்களுக்காக நிலம் வாங்கும் அமைப்பான யூத தேசிய நிதியத்தின் கைக்கு வந்தது. ஜோர்தான் ஆண்ட 19 வருஷத்தில் அங்கே ராணுவ முகாம் போட்டார்கள். அப்போதுகூட யூதர் நிலங்களை எதிரிச் சொத்து என்று ஒரு பொறுப்பாளர் கையில்தான் வைத்திருந்தார்கள். உங்களுக்கு இருக்கிற சந்தேகம் ஜோர்தானுக்கே இருந்ததில்லை.

ஜெபா:
எட்சியோன் வேதாகமத்திலேயே இருக்கிறது. சாலொமோன் ராஜா கப்பல் செய்த எசியோன்கேபேர்தான் இது. 1927 எல்லாம் நேற்று. மூவாயிரம் வருஷ உரிமை.

அல்லி:
ஜெபா சகோதரி, எசியோன்கேபேர் செங்கடல் ஓரத்தில் இருந்த துறைமுகம். மலை உச்சியில் யாராவது கப்பல் கட்டுவார்களா? இந்த ஊருக்குப் பேர் வந்தது தராசு சொன்ன ஹோல்ட்ஸ்மனிடமிருந்து. ஜெர்மன் மொழியில் ‘ஹோல்ட்ஸ்’ என்றால் மரம், எபிரேயத்தில் மரத்துக்கு ‘எட்ஸ்’. ஆள் பேரை மொழிபெயர்த்து ஊர்ப் பேராக்கினார்கள்.

தராசு, உங்களுக்கு ஒரே கேள்வி. பட்டா என் பேரில் இருந்தால் நாடு என்னுடையதாகிவிடுமா? ஜெர்மனியில் நான் ஒரு வீடு வாங்கினால் அந்த வீட்டு வாசலில் இந்தியச் சட்டம் ஓடுமா? நிலத்தின் சொந்தம் வேறு, அந்த இடத்தை ஆளும் உரிமை வேறு. 1947 ஐ.நா. பிரிவினைத் திட்டத்தில் இந்த மலை அரபு நாட்டுக்கு ஒதுக்கிய பகுதியில்தான் இருந்தது. நாலாவது ஜெனீவா உடன்படிக்கையின் 49ஆம் பிரிவு, பிடித்த நிலத்துக்குத் தன் குடிமக்களைக் கொண்டுபோகாதே என்கிறது. “காசு கொடுத்த இடம் தவிர” என்று அதில் ஒரு வரியும் இல்லை.

தராசு:
அல்லி மேடம் சட்டப் புத்தகத்தோடு வந்துவிட்டார். அந்தப் பிரிவினைத் திட்டத்தை அரபு நாடுகள் ஏற்றனவா? தூக்கி எறிந்துவிட்டு அந்தக் கிப்புட்ஸை முற்றுகை போட்டார்கள். எறிந்த காகிதத்தைப் பொறுக்கிக்கொண்டு வந்து இப்போது என்னிடம் நீட்டுகிறீர்கள். ஜோர்தான் 1950ல் மேற்குக் கரையைத் தன்னோடு சேர்த்ததையும் பிரிட்டன் தவிர ஏறக்குறைய யாரும் ஏற்கவில்லை. சட்டப்படி ஆள்பவனே இல்லாத நிலத்தை யாரிடமிருந்து பிடித்தார்கள்?

காசு கொடுத்தார்களா, இல்லையா? அதற்கு முதலில் பதில்.

பழைய வாசகன்:
நண்பர்களே, ஒரு சொல் விஷயம். இங்கே ‘ஆக்கிரமிப்பு’ என்று எழுதினாலே சண்டை வரும். நம் ஊரில் நடைபாதைக் கடையையும் ஆக்கிரமிப்பு என்கிறோம், ஒரு நாட்டின் படை இன்னொரு மண்ணில் நிற்பதையும் ஆக்கிரமிப்பு என்கிறோம். முதலாவது நிலத் திருட்டு. இரண்டாவது ஒரு சட்ட நிலை, அங்கே நிலம் யார் பேரில் இருந்தாலும் அது பொருந்தும். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு செய்துகொண்டு பேசலாமே.

தராசு:
வாசகன் சார், தமிழ் வகுப்பு இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். காசு கொடுத்து வாங்கிய நிலம் என்பதற்கு எந்த அகராதியும் வேண்டாம்.

வைகைக்கரை:
இவர் எப்போதும் இப்படித்தான். போன வருஷம், சிரியாவிடமிருந்து பிடித்த கோலான் மலை பற்றிய இழையில், இஸ்ரேல் 1981ல் அதை இணைத்ததை ஐ.நா. பாதுகாப்பு அவையே செல்லாது என்றது என்று காட்டினேன். மூணு நாள் ஆளைக் காணோம். அப்புறம் வேறு இழையில் அதே வாதத்தோடு வந்து நின்றார்.

தராசு:
அந்த மூணு நாள் என் அம்மா மருத்துவமனையில் இருந்தார். அதை உங்களிடம் அப்போதே சொன்னேன். திரும்பத் திரும்ப இழுக்கிறீர்கள்.

வைகைக்கரை:
அம்மா விஷயத்தை நான் இழுக்கவில்லை. கோலான் பதிலைத்தான் கேட்டேன், அது இன்னும் வரவில்லை.

அல்லி:
சரி, இஸ்ரேல் தரப்பிலிருந்தே எடுத்துக்கொள்வோம். 1967 செப்டம்பர் 18. தியோடர் மெரோன், இஸ்ரேல் வெளியுறவு அமைச்சகத்தின் சட்ட ஆலோசகர். போலந்தில் பிறந்து நாஜி முகாமில் இருந்து உயிர் பிழைத்தவர், யூதரை வெறுப்பவர் என்று யாரும் சொல்ல முடியாது. பிரதமர் எஷ்கோல் அலுவலகத்துக்கு ரகசியக் குறிப்பு எழுதினார்: பிடித்த பகுதிகளில் குடிமக்களைக் குடியேற்றுவது ஜெனீவா உடன்படிக்கைக்கு நேர் விரோதம். போவதென்றால் ராணுவம் தற்காலிக முகாமாகப் போகட்டும் என்றார். ஒன்பதே நாளில், செப்டம்பர் 27ல், ஹனான் போரத் தலைமையில் வண்டிகள் கஃபர் எட்சியோனுக்கு ஏறின. வெளியுலகத்திடம் அதை ‘நஹால்’ ராணுவ நிலை என்று சொல்லிவைத்தார்கள். சொந்த நிலத்துக்குத் திரும்புகிறவர்களுக்கு ராணுவ வேஷம் எதற்கு?

தராசு:
இதற்குத்தான் காத்திருந்தேன். அந்தக் குறிப்பை முழுசாகப் படித்தீர்களா? எட்சியோனைப் பற்றி அதே மெரோன் தனியாக என்ன எழுதினார்? குடியேறுகிறவர்கள் தங்கள் வீடுகளுக்கே திரும்புகிறார்கள் என்று சொன்னால் ஓரளவு உதவும் என்றார். தங்கள் வீடுகளுக்கே! உங்கள் சாட்சி என் பக்கம் பேசுகிறார், மேடம். பாதியை வெட்டிவிட்டுக் கொண்டுவந்து காட்டுவது நேர்மையா?

அல்லி:
வெட்டியது நீங்கள். அதற்கு அடுத்த வரிகளையும் போடுங்கள். சொத்துரிமை விஷயத்தை நன்றாக ஆராய வேண்டும் என்கிறார். எட்சியோனுக்கும் 49ஆம் பிரிவின் அடிப்படையில் எதிர்ப்பு வரும், அந்த இடத்தை இணைக்கும் எண்ணத்துக்குச் சான்றாகவே உலகம் பார்க்கும் என்கிறார். “ஓரளவு உதவும்” என்பது ஒரு வக்கீல் கட்சிக்காரருக்குச் சொல்லும் யோசனை. அதைத் தீர்ப்பாக்கிவிட்டீர்களே.

தராசு:
“வீடுகளுக்குத் திரும்புகிறார்கள்” என்ற சொல் குறிப்பில் இருக்கிறதா, இல்லையா? இருக்கிறது. காசு கொடுத்து வாங்கினார்கள் என்பதால்தான் அந்தச் சொல்லே வந்தது.

நான் 2018ல் பெத்லகேமுக்குப் புனிதப் பயணம் போனபோது, பேருந்து ஹெப்ரோன் பக்கம் கொஞ்ச தூரம் போனது. அந்தத் தனி ஓக் மரத்தை வழிகாட்டி தூரத்திலிருந்து காட்டினார். 1948க்குப் பிறகு அந்த ஊர்ப் பிள்ளைகளை எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு மேட்டுக்குக் கூட்டிவந்து, அதோ அந்த மரத்தடியில்தான் உங்கள் அப்பா இருந்தார் என்று காட்டுவார்களாம். 1948 ஜனவரியிலேயே பெண்களையும் குழந்தைகளையும் ஜெருசலேத்துக்கு அனுப்பிவிட்டார்கள், அதனால்தான் அந்தப் பிள்ளைகள் பிழைத்தார்கள். போரத்தும் அப்படிப் பிழைத்த குழந்தைதான். அலோன் ஷ்வுத் என்று பக்கத்து ஊருக்குப் பேர் வைத்தது அந்த ஓக் மரத்தை நினைத்து. அப்பனைப் பறிகொடுத்த பிள்ளையிடம் போய் 49ஆம் பிரிவைப் படித்துக் காட்டுங்கள். எனக்கு வாய் வராது.

நெய்தல்:
நூற்றுக்கு மேல் கொன்றார்கள் என்பது உண்மை, அதை யாரும் மறைக்கக் கூடாது. ஆனால் அதற்கு ஒரு மாசம் முன்னால் ஏப்ரல் 9ல் தெய்ர் யாசின் என்ற ஊரில் யூத ஆயுதக் குழுக்களால் நூற்றுக்கு மேற்பட்ட பாலஸ்தீனியர் கொல்லப்பட்டதை விட்டுவிட்டீர்கள். எட்சியோனில் புகுந்தவர்கள் அந்தப் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டுதான் சுட்டார்கள். பிழைத்த நாலு பேரில் இருந்த ஒரே பெண்ணைக் காப்பாற்றியது ஜோர்தான் படையான அரபு லீஜியனின் அதிகாரி. அதையும் சொல்லுங்கள். 1929ல் மிக்தால் ஏதெர் ஆட்களுக்கு அடைக்கலம் கொடுத்ததும் பக்கத்து பெய்த் உம்மர் ஊர்க்காரர்கள்தான்.

தராசு:
ஆக, கொன்றதற்குக் காரணம் சொல்கிறீர்கள்.

நெய்தல்:
காரணம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னேன். வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள்.

தராசு:
“ஆனால்” என்று தொடங்கினாலே அது காரணம்தான்.

வைகைக்கரை:
உங்கள் இழையில் “ஆனால்” எழுதக் கூடாதா? தடை போட்டுவிடுங்கள்.

அல்லி:
திரும்பிய கதையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதை யாரும் தொடவே இல்லை. அந்த எட்சியோன் ஊர்த் தொகுதியில் இருந்தவை கஃபர் எட்சியோனையும் சேர்த்து நாலு கிப்புட்ஸ். மசுவோத் இட்சாக், ஐன் சூரிம், ரெவாதிம் ஆட்கள் ஜோர்தான் சிறையிலிருந்து வந்த பிறகு, அதே பேர்களில் இஸ்ரேலுக்குள்ளேயே ஊர் கட்டிக்கொண்டார்கள். அந்த ஊர்கள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. கஃபர் எட்சியோனில் மிஞ்சியவர்களுக்கு 1950ல் கார்மல் மலையில் நிர் எட்சியோன் கிடைத்தது.

அந்த நிர் எட்சியோனுக்குப் பக்கத்தில் இருந்த ஊரின் பேர் ஐன் ஹவுத். பாலஸ்தீன ஊர். 1948ல் காலியானது. கல் வீடுகள் இடியாமல் நின்றன, 1953ல் இஸ்ரேலியக் கலைஞர்கள் வந்து குடியேறினார்கள். ஊர்க்காரர்களில் சிலர் கொஞ்சம் தள்ளி மலைமேல் குடிசை போட்டு, தங்கள் சொந்த வீட்டில் வேறு ஆள் விளக்கேற்றுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். இஸ்ரேல் அரசு 1950 சட்டத்தில் இவர்களைப் போன்றவர்களை ‘இல்லாதவர்’ என்று எழுதிச் சொத்தை எடுத்துக்கொண்டது. ஜெருசலேத்தில் தல்பியே, கதமோன் வீட்டுக்காரர்கள் கதையும் இதேதான். அவர்களும் காசு கொடுத்துத்தான் கட்டினார்கள், தராசு. “வாங்கியவன் திரும்பலாம்” என்பது உங்கள் விதி என்றால், அவர்கள் எப்போது திரும்பலாம்? தேதி சொல்லுங்கள்.

தராசு:
இது திசைதிருப்பல். நான் கஃபர் எட்சியோன் பற்றி இழை தொடங்கினேன். ஐன் ஹவுத் பற்றி நீங்கள் தனி இழை தொடங்குங்கள், வந்து படிக்கிறேன். போரை யார் தொடங்கினார்கள் என்பதையும் அங்கே பேசுவோம்.

அல்லி:
தேதி கேட்டேன்.

தராசு:
நான் முதலில் கேட்டேன். காசு கொடுத்தார்களா?

பழைய வாசகன்:
அதே தொகுதியில் எஃப்ராத் என்ற குடியேற்றம் 1983ல் வந்தது. எல்அசார் 1975ல், நெவே தானியேல் 1982ல் வந்தன. 2014ல் அதே தொகுதியில் கெவாவோத் பக்கம் ஏறக்குறைய 4000 துனாம் (சுமார் ஆயிரம் ஏக்கர்) நிலத்தை இஸ்ரேல் ‘அரசு நிலம்’ என்று அறிவித்தது. இதில் எவ்வளவு ஹோல்ட்ஸ்மன் வாங்கியது? ஒரு கிப்புட்ஸின் பத்திரத்தைக் காட்டி முழு மலைத்தொடரையும் கேட்பது எந்த ஊர் நியாயம்?

தராசு:
எஃப்ராத் பற்றி நான் ஒரு வார்த்தை எழுதினேனா? மேலே போய்த் தேடுங்கள். எல்லாரும் நான் சொல்லாததற்கே பதில் எழுதுகிறீர்கள்.

நெய்தல்:
சர்வதேச நீதிமன்றம் 2004ல் குடியேற்றங்கள் சட்டவிரோதம் என்றது. 2024 ஜூலையில் குடியேறிய அனைவரையும் வெளியேற்ற வேண்டும் என்றே கருத்து சொன்னது. அதில் கஃபர் எட்சியோனுக்கு விலக்குக் கொடுக்கவில்லை.

தராசு:
ஆலோசனைக் கருத்து, தீர்ப்பு இல்லை. 2019ல் அமெரிக்கா சட்டவிரோதம் இல்லை என்றது.

நெய்தல்:
2024ல் அதே அமெரிக்கா அதை மாற்றிக்கொண்டது. அரசாங்கம் மாறினால் மாறுவதை ஆதாரம் என்று கொண்டுவராதீர்கள்.

ஜெபா:
எசியோன்கேபேர் பற்றி அல்லி சொன்னது சரியில்லை. ஆதியாகமத்தில் ஏதேர் கோபுரம் இருக்கிறது, மிக்தால் ஏதெர் என்பது அதுதான். பேர் வேதத்திலிருந்துதானே வந்தது?

அல்லி:
மிக்தால் ஏதெர் பேர் வேதத்திலிருந்து வந்தது, ஒத்துக்கொள்கிறேன். எட்சியோன் வரவில்லை. நீங்கள் முதலில் சொன்னது எட்சியோன்.

ஜெபா:
இரண்டும் ஒரே இடம்தானே.

வைகைக்கரை:
நான் தூங்கப் போகிறேன். தராசு, அல்லி கேட்ட தேதிக்கு நீங்கள் பதில் சொல்லப் போவதில்லை என்று தெரியும். கோலானுக்கும் சொல்லவில்லை.

தராசு:
போவதற்கு முன்னால் ஒன்று. உங்கள் பதிவில் “கொஞ்சம் நிலம் வாங்கியிருக்கலாம்” என்று இன்னும் அப்படியே நிற்கிறது. “வாங்கினார்கள்” என்று திருத்துங்கள்.

வைகைக்கரை:
திருத்தமாட்டேன்.

தராசு:
அப்படியென்றால் நாளைக்கும் இதே இழையில் இருப்பேன்.