அந்த 44 சதவீதம் யாருடையது?

சாய்வுநாற்காலி:
நேற்று நாடித்துடிப்பு வேறொரு இழையில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியால் என் தூக்கம் போய்விட்டது. "முதுகுவலிக்கு நவீன மருத்துவத்தைவிட அக்குபங்சர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பலன் தரும் என்று ஜெர்மனியில் நிரூபித்துவிட்டார்கள், இனி இதில் பேச ஒன்றுமில்லை." ஒன்றுமில்லையா? நிறையவே இருக்கிறது. அவர் சொல்லும் ஆய்வு 2007இல் வெளிவந்தது. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்காரர்கள் 1162 பேர். ஒரு பிரிவுக்கு முறையான அக்குபங்சர், இன்னொரு பிரிவுக்கு மாத்திரை, பிசியோதெரபி, உடற்பயிற்சி என்ற வழக்கமான சிகிச்சை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ஊசிக்காரர்களில் 47.6 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்திருக்கிறது, வழக்கமான சிகிச்சையில் 27.4. இதுவரை அவர் சொன்னது சரி. மூன்றாவது பிரிவை ஏன் ஐயா விழுங்கிவிட்டீர்கள்? அவர்களுக்குப் போட்டது போலி ஊசி. அக்குபங்சர் புள்ளியே இல்லாத இடத்தில், தோலுக்கு அடியில் 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம், சும்மா பேருக்கு. அதில் குணம் கண்டவர்கள் 44.2 சதவீதம். திரும்பவும் சொல்கிறேன், 44.2. எங்கே குத்தினாலும் 44 என்றால் மெரிடியன் என்று நீங்கள் சொல்லும் சக்திப் பாதைகள், அவற்றில் சக்தி ஓட்டம், முந்நூற்றுச் சொச்சம் புள்ளிகள் எல்லாம் எதற்கு?

குறுக்குவழி:
ஆரம்பிச்சாச்சு. நான் முன்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன்.

நாடித்துடிப்பு:
எதையும் விழுங்கவில்லை சாய்வுநாற்காலி. அந்த 44ஐ நீங்களே இன்னொரு முறை நிதானமாகப் படியுங்கள். நீங்கள் போலி என்று கேலி செய்கிற ஊசியே உங்கள் மாத்திரையையும் பிசியோதெரபியையும் 44க்கு 27 என்று தோற்கடித்திருக்கிறது. இது எனக்கு அவமானமா உங்களுக்கு அவமானமா? அப்புறம், அது போலியே இல்லை. உண்மையான ஊசி, உண்மையான தோல், அரை மணி நேரம் குத்தியபடியே வைத்திருந்தார்கள். ஊசி உள்ளே போனால் நரம்புக்குத் தெரியாதா? ஆழம் குறைவு, இடம் வேறு, அவ்வளவுதான். அதனால் 44ம் என் பக்கம்தான், 47ம் என் பக்கம்தான். உங்கள் பக்கம் 27.

சாய்வுநாற்காலி:
தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அந்த 1162 பேரும் சராசரியாக 8 ஆண்டுகளாக முதுகுவலியோடு இருந்தவர்கள். எட்டு ஆண்டும் மாத்திரையும் பயிற்சியும் பார்த்துச் சலித்துப்போய், ஊசி கிடைக்குமென்று ஆசையாக வந்தவனிடம் "உனக்குப் பழைய சிகிச்சைதான்" என்றால் அவன் முகம் எப்படி இருக்கும்? அந்த ஏமாற்றமும் 27இல் இருக்கிறது. ஊசிப் பிரிவு இரண்டிலும் யாருக்கு அசல், யாருக்குப் போலி என்று நோயாளிக்குத் தெரியாது. நியாயமான ஒப்பீடு அது ஒன்றுதான். 47.6க்கும் 44.2க்கும் உள்ள வித்தியாசம் 3.4. தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம் என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். 44ஐ உங்கள் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள், அது பொதுச்சொத்து.

மூங்கில்காடு:
ஒரு நிமிடம். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்தால் நல்லது. வழக்கமான சிகிச்சையை விட்டுவிட்டுச் செய்வது மாற்று மருத்துவம், அதோடு சேர்த்துச் செய்வது துணை மருத்துவம். இரண்டும் ஒன்றல்ல. "பலன்" என்றால் வலி குறைவதா, நோய் குணமாவதா? இதைச் சொல்லாமல் இரண்டு பேரும்

நாடித்துடிப்பு:
மூங்கில்காடு, அதெல்லாம் அப்புறம். அவர் 44க்குப் பதில் சொல்லட்டும்.

சாய்வுநாற்காலி:
பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

வெண்தாடி:
தம்பிகளா, அந்த 44 எனக்கு நன்றாகத் தெரியும். ஜெர்மனியும் இல்லை ஒன்றும் இல்லை, அது அமெரிக்காவில் ஒரு சின்னப் பெண் செய்தது. சரியாகப் படிக்காமல் எழுதுகிறீர்கள்.

சாய்வுநாற்காலி:
ஐயா, அது வேறு 44. கையால் தொடாமல் உடலுக்கு மேலே கையை நகர்த்திச் சக்தியைச் சரிசெய்கிறோம் என்கிற தெரபியூடிக் டச் பற்றியது. எமிலி ரோசா என்ற சிறுமி பள்ளித் திட்டப்பணிக்காகச் செய்தாள். நடுவில் ஒரு அட்டைத் தடுப்பு, அதிலுள்ள துளைகள் வழியாகச் சிகிச்சையாளர் இரண்டு கைகளையும் நீட்ட வேண்டும், நாணயத்தைச் சுண்டிப் பார்த்து ஏதாவது ஒரு கைக்கு மேல் அவள் தன் கையை வைப்பாள். எந்தக் கைக்கு மேல் சக்தி தெரிகிறது? 21 பேர், 280 முறை. சரியாகச் சொன்னது 44 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு உளறினாலே 50 வந்திருக்கும். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. நல்லவேளை ஞாபகப்படுத்தினீர்கள், அந்த 44ம் என் பக்கம்தான்.

குறுக்குவழி:
இப்போது இரண்டு 44 இருக்கிறது. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு கிளம்பலாமே.

வெண்தாடி:
நான் சொன்னதும் அதுதானே. எனக்கே பாடமா? 1971இல் சீனாவுக்குப் போன அமெரிக்கப் பத்திரிகையாளர் ஒருவருக்கு மயக்க மருந்தே கொடுக்காமல், ஊசி மட்டும் குத்திக் குடல்வால் அறுவை செய்தார்கள். அதற்கு என்ன சொல்கிறாய்?

சாய்வுநாற்காலி:
ஜேம்ஸ் ரெஸ்டன். அவரே எழுதியிருக்கிறார் ஐயா. அறுவை நடந்தது வழக்கமான மயக்க மருந்து ஊசி போட்டுத்தான். அக்குபங்சர் வந்தது அதற்கப்புறம், இரண்டாம் நாள் இரவு வயிற்று உப்புசத்துக்கு. அரை நூற்றாண்டாக இந்தக் கதை மயக்க மருந்தைத் தொலைத்துவிட்டு ஊர் சுற்றுகிறது.

வெண்தாடி:
உன்னைப் பற்றித் தெரியாதா? போன மாதம் ஹோமியோபதி இழையிலும் இப்படித்தான், 30சி என்றால் பத்தின் 60ஆம் அடுக்கு மடங்கு நீர்த்தது, அதில் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சாது என்று கணக்குப் போட்டு என்னை எல்லோர் முன்னாலும் சின்னப்பிள்ளை ஆக்கினாய். நான் மறக்கவில்லை.

சாய்வுநாற்காலி:
கணக்கு தப்பா ஐயா?

வெண்தாடி:
கணக்கைப் பற்றிப் பேசவில்லை. மரியாதையைப் பற்றிப் பேசுகிறேன்.

நாடித்துடிப்பு:
பார்த்தீர்களா, பெரியவர் மேல் பாய்ந்துவிட்டு என் கேள்வியை மறந்துவிட்டார். நான் ஏட்டில் படித்துவிட்டுப் பேசவில்லை. எட்டு முறை போய்ப் படுத்திருக்கிறேன். குப்புறப் படுத்து, கட்டிலின் ஓட்டையில் முகத்தைப் புதைத்தால் தெரிவது தரையும் அவர் செருப்பு நுனியும் மட்டும்தான். முதுகில் ஒரு பிளாஸ்டிக் குழாய் வந்து உட்காரும், விரல் நுனியால் ஒரு தட்டு, எறும்பு கடித்த மாதிரி சுருக்கென்று இருக்கும். வலி என்றே சொல்ல முடியாது. அப்புறம் அவர் ஊசியை லேசாகத் திருகும்போது உள்ளே கனமாக, மந்தமாக ஒன்று பரவி இடுப்பு வரைக்கும் இறங்கும். முதல் மூன்று தடவை ஒன்றும் இல்லை. நான்காவது தடவை வீட்டுக்கு வந்து குனிந்து காலணியைக் கழற்றிய பிறகுதான் உறைத்தது, இரண்டு வருடமாகச் சுவரைப் பிடிக்காமல் அதைக் கழற்றியதில்லை என்று. இதை உங்கள் 3.4இல் எந்தத் தசமப் புள்ளியில் வைப்பீர்கள்?

சாய்வுநாற்காலி:
உங்கள் முதுகு தேறியதில் எனக்கு மெய்யாகவே மகிழ்ச்சி. ஆனால் அதே ஊசியை இரண்டு விரல் தள்ளிக் குத்தியிருந்தாலும் காலணி கழன்றிருக்கும் என்கிறது 44. முதுகுவலி தானாகவே ஏறும், தானாகவே இறங்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் யாரும் சிகிச்சைக்குப் போவார்கள், அடுத்து அது இறங்கத்தானே செய்யும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

நாடித்துடிப்பு:
இரண்டு வருடம் உட்காராத காக்கை அன்றைக்கு வந்து உட்கார்ந்ததாக்கும்.

இரவுப்பணி:
நான் நர்ஸ். நீங்கள் இரண்டு பேரும் வலியை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். வலியை நோயாளி சொன்னால்தான் தெரியும், ஆஸ்துமாவை ஊதிப் பார்த்தும் அளக்கலாம். 2011இல் ஒரு ஆய்வு வந்தது. ஒரே நோயாளிகளுக்கு ஒரு முறை மூச்சுக்குழலை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்துள்ள இன்ஹேலர், ஒரு முறை மருந்தில்லாத இன்ஹேலர், ஒரு முறை போலி அக்குபங்சர், ஒரு முறை ஒன்றுமே இல்லை. எவ்வளவு தேவலை என்று கேட்டால் முதல் மூன்றுக்கும் 50, 45, 46 சதவீதம் என்று ஏறக்குறைய ஒரே பதில். ஊதச் சொன்னால் மருந்துக்கு 20 சதவீதம் முன்னேற்றம், மற்ற மூன்றுக்கும் 7 சதவீதம்தான். இதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். ஒரு அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, "இப்போது நெஞ்சு லேசாகிவிட்டது கண்ணு" என்று சிரிக்கிறார், மூச்சு வெளியேறும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ கருவியை ஊதினால் முள் பழைய இடத்திலேயே நிற்கிறது, கழுத்துத் தசை ஒவ்வொரு மூச்சுக்கும் இழுத்துக்கொண்டிருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பை நம்பி நான் நெபுலைசரை வைக்காமல் போயிருந்தால்?

நாடித்துடிப்பு:
சகோதரி, ஆஸ்துமாவுக்கு இன்ஹேலரை விடச் சொல்லி யார் சொன்னது? நான் முதுகைப் பற்றிப் பேசுகிறேன்.

இரவுப்பணி:
நீங்கள் சொல்லவில்லை, உங்கள் பதிவைப் படிக்கிறவர் அப்படித்தான் எடுத்துக்கொள்வார். 2018இல் அமெரிக்காவில் ஒரு கணக்கு எடுத்தார்கள். பரவாத கட்டத்திலிருந்த புற்றுநோய்க்கு வழக்கமான சிகிச்சையைத் தவிர்த்து மாற்று மருத்துவம் மட்டும் போதும் என்று போனவர்களுக்கு இறப்பு அபாயம் 2.5 மடங்கு, மார்பகப் புற்றில் ஐந்து மடங்குக்கும் மேல்.

மூங்கில்காடு:
இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன், மாற்று வேறு, துணை வேறு என்று. அறுவைக்குப் பிறகு இசை கேட்டால் வலியும் பதற்றமும் குறைகிறது என்று 73 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் கட்டுரை வந்தது, அது துணை. யாரும் காதில் வாங்கவில்லை.

சாய்வுநாற்காலி:
இசைக்கு மெரிடியன் கிடையாது, அதனால் எனக்குச் சண்டை இல்லை. நாடித்துடிப்பு, இன்னும் 44 பாக்கி.

நாடித்துடிப்பு:
சரி, இப்படிக் கேட்கிறேன். முழங்கால் மூட்டில் துளை போட்டுக் கழுவிச் சுரண்டுகிற ஆர்த்ராஸ்கோபி அறுவையை 180 பேரிடம் சோதித்தார்கள், 2002இல். சிலருக்குத் தோலைக் கீறித் தையல் மட்டும் போட்டு அனுப்பினார்கள். இரண்டு வருடம் கழித்தும் அசலுக்கும் போலிக்கும் வித்தியாசம் இல்லை. அதற்கப்புறமும் பல ஆண்டுகள் அந்த அறுவை உலகமெங்கும் நடந்தது. அப்போது உங்கள் சாய்வுநாற்காலி எங்கே சாய்ந்திருந்தது?

சாய்வுநாற்காலி:
அதைச் சோதித்து வெளியிட்டவரே ஒரு அறுவை மருத்துவர். மெரிடியன் கிடையாது என்று சோதித்து வெளியிட்ட அக்குபங்சர்காரர் ஒருவரைக் காட்டுங்கள்.

நாடித்துடிப்பு:
கேட்ட கேள்விக்கு இது பதிலா? ஜெர்மனியில் 2007 முதல் நாள்பட்ட முதுகுவலிக்கும் முழங்கால் வலிக்கும் அக்குபங்சருக்குப் பொதுக் காப்பீடே பணம் தருகிறது. அவர்கள் எல்லாம் முட்டாளா?

சாய்வுநாற்காலி:
எந்தச் சிகிச்சை தரலாம் என்று வழிகாட்டும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2009இல் முதுகுவலிக்குப் பரிந்துரைத்தது, 2016இல் திரும்பப் பெற்றது. இவர்கள் முட்டாளா?

நாடித்துடிப்பு:
2021இல் நாள்பட்ட முதன்மை வலிக்கு, அதாவது வேறு நோயைக் காரணம் காட்ட முடியாத வலிக்கு, அதே நைஸ் மறுபடி பரிந்துரைத்ததை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள். விழுங்குவது யார் இப்போது?

சாய்வுநாற்காலி:
அது வேறு வலி.

குறுக்குவழி:
வேறு 44, வேறு வலி.

வெண்தாடி:
எல்லாம் இருக்கட்டும். அந்தப் பெண்ணுக்கு 9 வயதா 11 வயதா? நான் 9 என்றுதான் படித்தேன்.

சாய்வுநாற்காலி:
சோதனை செய்தபோது 9, கட்டுரை வெளிவந்தபோது 11.

வெண்தாடி:
அப்படியானால் நான் சொன்னது சரி.

சாய்வுநாற்காலி:
நீங்கள் வயதே சொல்லவில்லை ஐயா, சின்னப் பெண் என்றுதான் சொன்னீர்கள்.

வெண்தாடி:
9 வயது சின்னப் பெண் இல்லாமல் கிழவியா?

நாடித்துடிப்பு:
எனக்கு நாளைக் காலை ஒன்பதாவது தடவை. வந்து மீதியைப் பேசுகிறேன். 44க்கு 27, மறந்துவிடாதீர்கள்.

சாய்வுநாற்காலி:
47க்கு 44. அவரிடம் நாளை ஒரே ஒரு நாள் புள்ளியை மாற்றிக் குத்தச் சொல்லுங்கள், உங்களிடம் சொல்லாமல்.

நாடித்துடிப்பு:
நான் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடுமே.