விக்கிப்பீடியாவை ஐபேடில் வட்டம் வட்டமாகத் திறந்து பார்த்தவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மொட்டைமாடி:
விக்கிப்பீடியாவை வட்டங்களாகக் காட்டும் விக்கிநோட்ஸ் ஆப் 2011இல் வந்தபோது கையில் ஐபேட் இருந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. நடுவில் ஒரு கட்டுரை, சுற்றிலும் அதன் பிரிவுகளும் தொடர்புள்ள கட்டுரைகளும். ஒன்றைத் தொட்டால் அது நடுவுக்கு வந்துவிடும். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

மகள் அப்போது ஆரம்பப் பள்ளி. சூரியக் குடும்பத்தில் ஆரம்பித்து புளூட்டோவைத் தொட்டாள். சுற்றி வந்தவற்றில் வெனிஷியா பர்னி என்று ஒரு பெயர். யார் இது என்று அதையும் தொட்டாள். 1930இல் அந்தக் கோளுக்குப் புளூட்டோ என்ற பெயரைச் சொன்னது ஆக்ஸ்போர்டில் இருந்த 11 வயதுச் சிறுமி! அதை என்னைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். அடுத்து ஹென்றி மாடன். வெனிஷியாவின் தாத்தாவுக்கு அண்ணன். செவ்வாயின் நிலவுகளுக்கு போபோஸ், டெய்மோஸ் என்ற பெயர்களைச் சொன்னவர் அவர். அங்கிருந்து செவ்வாய், மறுபடி சூரியக் குடும்பம். "ஒரே வீட்டு ஆளுங்களாப்பா?" என்று கேட்டாள் பாருங்கள், அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. புளூட்டோ கட்டுரையை அதற்கு முன்பே நான் படித்திருக்கிறேன். அந்தப் பெயர் கண்ணில் நின்றதே இல்லை.

கரும்பலகை:
நல்ல அனுபவம்தான். ஆனால் உங்கள் மகளுக்குப் பக்கத்தில் படித்துச் சொல்ல நீங்கள் இருந்தீர்கள். என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் இதே மாதிரி ஒரு ஆப்பில் பார்த்துவிட்டுப் பேச வந்தான். சர் சி.வி. ராமனும் சுப்பிரமணியன் சந்திரசேகரும் பக்கத்துப் பக்கத்து வட்டங்கள், நடுவில் ஒரு கோடு. இருவரும் சென்னை மாநிலக் கல்லூரி, இருவரும் நோபல் வாங்கியவர்கள், 1930இலும் 1983இலும். "ராமன் சந்திரசேகரின் பேராசிரியர்" என்று அவ்வளவு தெளிவாகச் சொன்னான். வகுப்பே எழுதிக்கொண்டது. உண்மையில் ராமன் சந்திரசேகருக்குச் சித்தப்பா. சந்திரசேகருக்கு ஆய்வு வழிகாட்டியாக இருந்தவர் கேம்பிரிட்ஜில் ரால்ஃப் ஃபவுலர்.

கட்டுரையில் இருக்கும் இணைப்பு ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது. அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டுக் கோட்டை மட்டும் காட்டினால் பிள்ளைகள் தாங்களே ஒரு கதையை நிரப்பிக்கொள்வார்கள். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தத் திரையைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

வைகைக்கரை:
நான் தமிழில் வைத்துப் பார்த்தேன். வைகை என்று தேடினால் சுற்றிலும் மாவட்டப் பெயர்கள்தான் வந்தன, முல்லைப்பெரியாறு இல்லை. எங்கள் ஊர்க்காரருக்கு அது எப்படி இருக்கும்? மேற்கே ஓடும் பெரியாற்றுத் தண்ணீரை 1895இல் அணை கட்டி, மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பியதால்தானே எங்கள் வயலில் நெல்! கட்டுரையைத் திறந்தால் அணையைப் பற்றி எழுதியிருக்கிறது, ஆனால் யாரும் இணைப்புக் கொடுக்கவில்லை. அன்று ராத்திரியே உட்கார்ந்து இணைப்புகள் போட்டேன், பென்னிகுவிக் பெயருக்கும் சேர்த்து. அப்புறம் ஆப்பைத் திறந்தபோது வைகைக்குப் பக்கத்தில் அணை வந்து நின்றது. அண்ணனை எழுப்பிக் காட்டினேன்.

தண்டவாளம்:
கரும்பலகை அவர்களுக்கு: வாக்கியம் படிக்க முடியாதவர்களும் இருக்கிறார்கள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு பேச்சு போய்விட்டது. பத்தியாக எதைக் கொடுத்தாலும் இரண்டாவது வரியில் தடுமாறி ஐபேடைத் தள்ளிவிடுவார். தனிச் சொல் என்றால் புரிந்தது. ரயில்வேயில் மண்டபம் பக்கம் வேலை பார்த்தவர் என்பதால் பாம்பன் பாலத்தை எடுத்து வைத்தேன். விரல் நடுங்கும், ஆனால் வட்டம் பெரிது, தவறாது. தனுஷ்கோடியைத் தொட்டார். அது நடுவுக்கு வந்தது. 1964 புயல் வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் "போட் மெயில்" என்றார். முழுசாக, தெளிவாக. அந்தக் காலத்தில் தனுஷ்கோடிக்குப் போன ரயிலின் பெயர் அது. அந்தச் சொல் திரையில் எங்கேயும் இல்லை. அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்தார். வாக்கியம் இல்லாத கோடு ஆபத்து என்கிறீர்கள், பள்ளிக்கூடத்தில் அது சரியாக இருக்கலாம். எங்கள் வீட்டில் அந்தக் கோடுதான் வேலை செய்தது.

பழைய மோடம்:
எனக்கு நடந்தது சின்ன விஷயம். கொங்கண் ரயிலில் போகும்போது பக்கத்து இருக்கைப் பையனுக்கு இந்த மாதிரி ஆப் ஒன்றைக் காட்ட எடுத்தேன், சுரங்கத்துக்குள் நெட் போய் எல்லா வட்டமும் காலி. அவன் முகம் விழுந்துவிட்டது.

அதனால் சில யோசனைகள். நெட் இல்லாத இடத்துக்கு, விக்கிப்பீடியாவை இறக்கி வைத்துப் படிக்கும் கிவிக்ஸ் ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் இறக்கி வைக்கலாம். வட்டங்கள் கிடையாது, ஆனால் கட்டுரை திறக்கும். 2017இல் ஐபேடின் இயங்குதளமான ஐஓஎஸ் 11 பழைய 32 பிட் ஆப்களை நிறுத்திய பிறகு அந்தக் காலத்து ஆப்கள் பல போய்விட்டன, எனவே ஒரே ஆப்பை நம்பி இருக்க வேண்டாம். வைகைக்கரை, நீங்கள் செய்ததுதான் சரி. இணைப்புப் போடும்போது இன்னொன்றும் பாருங்கள்: ஒவ்வொரு பக்கத்திலும் எந்தெந்தக் கட்டுரைகள் அதைச் சுட்டுகின்றன என்ற பட்டியல் உண்டு. அது காலியாக இருந்தால் அந்தக் கட்டுரைக்கு மற்றக் கட்டுரைகளிலிருந்து வழியே இல்லை என்று அர்த்தம். கரும்பலகை சார், உங்களுக்கு விக்கிப்பீடியாவோடு சேர்ந்த தகவல் கிடங்கான விக்கித்தரவு உதவும். 2012இல் வந்தது. தந்தை, ஆய்வு வழிகாட்டி, பிறந்த இடம் என்று அங்கே ஒவ்வொரு தொடர்புக்கும் பெயர் இருக்கிறது. அதன் வினவல் பக்கத்தில், அதாவது கேள்வியை எழுதித் தேடும் இடத்தில், முடிவை வலைப்படமாகக் கேட்டு வாங்கலாம், கோட்டின் மேலேயே உறவு தெரியும். வினவல் எழுதக் கொஞ்சம் பழக வேண்டும். எடுத்துக்காட்டுகள் அங்கேயே நிறைய இருக்கின்றன, ஒன்றை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிப் பாருங்கள். அப்புறம் சின்னப் பிள்ளைகளிடம் கொடுத்தால் மூன்று நான்கு வட்டத்துக்கு ஒருமுறை நிறுத்தி...

தண்டவாளம்:
சார், நன்றி. பெரிய வட்டம், பெரிய எழுத்து, தமிழில் வரும் ஆப் இப்போது எதாவது உங்களுக்குத் தெரியுமா? அதை மட்டும் சொல்லுங்கள்.